அவிழ்க்கக்கூடிய தையல்

ஈரானின் வடமேற்கே அர்தபில் நகரில், சூஃபி ஞானி ஷேக் சஃபி அடங்கியிருக்கும் தர்காவில் ஒரே வடிவமைப்பில் நெய்த இரண்டு பெருங்கம்பளங்கள் இருந்தன. நெசவிலேயே பொறித்திருக்கும் ஆண்டு ஹிஜ்ரி 946, அதாவது 1539–40. மக்சூத் காஷானி என்ற பெயரும் அதில் இருக்கிறது. 1843இல் அங்கே போன ஆங்கிலேயர்கள் கம்பளம் தர்காவில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து நிலநடுக்கத்தில் தர்கா சேதமடைய, கம்பளங்கள் விலைபோயின. வாங்கியது மான்செஸ்டரின் சீக்லர் நிறுவனம். இரண்டுமே நைந்து போயிருந்தன. ஒன்றை வெட்டி, அந்தத் துண்டுகளால் மற்றொன்றின் ஓட்டைகளை அடைத்தார்கள். அப்படி முழுமை பெற்ற கம்பளத்தை வின்சென்ட் ராபின்சன் நிறுவனம் 1892இல் லண்டனில் காட்சிக்கு வைத்தது. வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் பரிந்துரைக்க, இன்று விக்டோரியா அண்டு ஆல்பர்ட் என்று பெயர் பெற்றிருக்கும் அருங்காட்சியகம் அதை 1893இல் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. வெட்டுப்பட்ட ஜோடி, கரைகளை இழந்து, ஓசையில்லாமல் அமெரிக்கச் செல்வர் சார்லஸ் யெர்க்ஸிடம் போனது. பல கை மாறி, ஜே. பால் கெட்டியின் கொடையாக 1953இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

இன்று இதைப் படிக்கிறவருக்குப் பதைக்கும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் அளவுகோலில் இதைவிடச் சிறந்த பழுதுபார்ப்பு கிடையாது. ஒட்டுப்போட்ட துண்டில் அதே கம்பளி, அதே சாயம், அதே பட்டறையின் முடிச்சு. கண்ணுக்குத் தெரியாத ஒட்டு. பழுது பார்ப்பதென்றால் கிழிசல் தெரியாமல் செய்வது என்றுதான் வணிகரும் வாங்குபவரும் எண்ணியிருந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை கம்பளச் சீரமைப்பில் ஊசிகள் மேம்பட்டன, நூல்கள் மேம்பட்டன, சாயங்களை அறியும் முறைகள் மேம்பட்டன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி புதிதாகப் பிறந்தது: இன்று நாம் செய்யும் வேலையை நாளை ஒருவர் சேதமில்லாமல் அவிழ்க்க முடியுமா? கருவிகளின் வரலாற்றையும் பொருள்களின் வரலாற்றையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

முதலில், கிழிவது எது என்று பார்ப்போம். நம் வீடுகளில் விரிக்கும் பவானி ஜமுக்காளத்தில் பாவும் ஊடையும் மட்டுமே உண்டு. ரத்தினக் கம்பளத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. பாவு இழைகளில் இரண்டிரண்டாகக் கம்பளி நூலை முடிச்சிட்டு அறுத்து, அறுந்த நுனிகளை மேலே நிமிர்ந்து நிற்கும் தும்பாக விடுகிறார்கள். ஒரு வரிசை முடிச்சு முடிந்ததும் ஊடையை ஓட்டிச் சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். காலடி படுவது தும்பின் மேல். கம்பளத்தைத் தாங்குவது பாவும் ஊடையும். தும்பு தேய்ந்தால் அழகு போகும். அடித்தளம் இற்றால் கம்பளமே போகும். பூந்தொட்டியிலிருந்து கசியும் நீர் மாதக்கணக்கில் ஊறினால் பருத்திப் பாவு உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். மேலே பூவேலை பளிச்சென்று இருக்கும். எடுத்து மடித்தால் படபடவென்று முறியும்.

இந்த அமைப்பு மிகப் பழையது. 1949இல் தொல்லியலாளர் செர்கெய் ருதென்கோ அல்தாய் மலைகளின் பசிரிக் புதைமேட்டில் பனிக்கட்டிக்குள் உறைந்திருந்த கம்பளத்தைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 2,400 ஆண்டுப் பழமையுள்ள அது இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜில் இருக்கிறது. இன்று துருக்கி முடிச்சு என்று அழைக்கிற அதே முடிச்சுதான் அதிலும் இருக்கிறது. முடிச்சு மாறாததால் அதைச் செப்பனிடும் அடிப்படைக் கருவிகளும் பெரிதாக மாறவில்லை. ஊசி, கொக்கி, இரும்புச் சீப்பு, தும்பை மட்டம் வெட்டும் கத்தரி, கம்பளத்தை இழுத்து ஆணியடிக்கும் மரச்சட்டம் ஆகியவை போதும். ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய செப்பனிடுபவர் இன்றைய பட்டறைக்குள் வந்தால் அவருக்கு அந்நியமாகத் தெரிவது விளக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும்தான்.

மறுநெசவு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வேலையின் அருமை அதில்தான் இருக்கிறது. ஓட்டையைச் சுற்றி நைந்த இழைகளை நீக்கி, உறுதியான பகுதி தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். புதுப் பாவு இழையை ஊசியில் கோத்து, பழைய பாவின் பக்கத்திலேயே, முடிச்சுகளுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நுழைத்து, ஓட்டையைக் கடந்து, எதிர்ப்பக்கத்திலும் அதே ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய பாவுக்கு இருக்கும் இழுவிசை புதுப் பாவுக்கும் இருக்க வேண்டும். தளர்ந்தால் ஒட்டு புடைக்கும்; இறுகினால் சுற்றுப்புறம் சுருங்கும். பாவு நின்றபின் ஊடை. ஊடைக்கு மேல் முடிச்சு. தறியில் நெய்பவருக்குப் பக்கவாட்டில் தடையில்லை. செப்பனிடுபவரோ இரு புறமும் பழைய முடிச்சுகள் நெருக்க, ஊசிமுனையால் இழையைத் தூக்கித் தூக்கி முடிச்சிட வேண்டும். அர்தபில் கம்பளத்தில் பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஏறத்தாழ 5,300 முடிச்சுகள். உள்ளங்கை அகல ஓட்டை என்றால் அத்தனை முடிச்சும் ஒவ்வொன்றாக விழ வேண்டும்.

இதற்குக் குறுக்கு வழிகளும் பழையனவே. முடிச்சிடாமல் ஊசியால் நூலை வளைத்து வளைத்துத் தைத்து, வளையங்களை அறுத்துத் தும்புபோலக் காட்டுவது ஒன்று. தும்பு தேய்ந்து வெளுத்த பாவு தெரியும் இடத்தில் மையைத் தடவிவிடுவது இன்னொன்று. அப்படி மை பூசிய கம்பளங்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் பல வேளை நிறம் துணியில் ஏறிக் குட்டு வெளிப்படும்.

கருவியைவிட நூலும் சாயமுமே பெரிய மாற்றத்தைக் கண்டவை. பழைய கம்பளிக்குப் புதுக் கம்பளி பொருந்தாது. கையால் நூற்ற நூலில் தடிப்பும் மெலிவும் கலந்து வரும்; ஆலை நூல் ஒரே சீராக ஓடும். அதனால் தேர்ந்த பட்டறைகள் கிலிம் எனப்படும், தும்பில்லாத பழைய விரிப்புகள் இற்றுப்போனால் அவற்றை வாங்கி, இழை இழையாகப் பிரித்துச் சேமித்து வைக்கின்றன. இந்த வழக்கத்தில் நன்மையோடு இழப்பும் சேர்ந்தே இருக்கிறது. அர்தபிலில் நடந்தது சிறிய அளவில் இங்கேயும் நடக்கிறது: ஒரு நாடோடிப் பெண் நெய்த விரிப்பு இன்னொரு பணக்காரக் கம்பளத்துக்கு நூலாகிவிடுகிறது.

சாயத்தில் வந்த குழப்பம் இன்னும் ஆழமானது. 1856இல் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் பெர்கின் அனிலைனிலிருந்து ஊதா நிறத்தைக் கண்டுபிடித்தபின், செயற்கைச் சாயங்கள் வெள்ளமாகக் கீழைநாட்டுப் பட்டறைகளுக்குள் புகுந்தன. அதுவரை சிவப்பு என்றால் பெரும்பாலும் மஞ்சிட்டி இனத்து வேர், நீலம் என்றால் அவுரி. சிவப்பைக் கம்பளியில் பிடித்து நிறுத்தப் படிகாரம். புதுச் சாயங்கள் மலிவானவை, ஆனால் தொடக்க காலத்தவை வெயிலில் வெளுத்தன, தண்ணீர் பட்டால் ஓடின. ஈரான் அரசு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அனிலைன் சாய இறக்குமதிக்குத் தடை போட்டது. பழுதுபார்ப்பவர்களும் இதே சாய நூலைத்தான் கையாண்டார்கள். வேலை முடிந்த அன்று கச்சிதமாகப் பொருந்திய சிவப்பு, சில ஆண்டுகளில் சாம்பலாகவோ ஆரஞ்சாகவோ மாறி, ஒட்டை ஊருக்கே காட்டிக்கொடுத்தது.

கறுப்பு நிறத்தின் கதை தனி. இரும்புச் சேர்மம் கலந்த பழைய கறுப்பும் அடர்பழுப்பும் கம்பளி இழையையே மெல்ல அரித்துவிடும். அதனால் பல பழங்கம்பளங்களில் மற்ற நிறங்கள் நிமிர்ந்து நிற்க, கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகிக் கிடக்கும். இந்தப் பள்ளத்தைப் புதுக் கம்பளியால் நிரப்புவதா? பல பட்டறைகள் நிரப்பின. ஆனால் அந்தத் தேய்வு கம்பளத்தின் வயதுக்கும் சாயமுறைக்கும் சாட்சி. அதை அழித்துவிட்டால் பின்னால் ஆராய வருபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. விட்டுவிட வேண்டும் என்பதே என் கட்சி.

இன்று சாயத்தைப் பொருத்த மூன்று வகை அறிவு துணைக்கு வருகிறது. முதலாவது, பழைய கைவினைஞர்களுக்கும் தெரிந்ததுதான்: தும்பை விரல்களால் பிரித்து அடிவேரைப் பார்ப்பது. வெளிச்சம் படாத அங்கே முதல் நிறம் அப்படியே இருக்கும். இரண்டாவது வேதியியல். திரவ நிறப்பிரிகை முறையில், ஊசிமுனை அளவு இழையே போதும்; சிவப்பு எந்த வேரிலிருந்து வந்தது, பூச்சியிலிருந்தா, ஆலையிலிருந்தா என்று சொல்லிவிடலாம். மூன்றாவது, ஒளியைப் பற்றிய அறிவு. இரண்டு நூல்கள் பகல் வெளிச்சத்தில் ஒன்றாகவும், குழல்விளக்கில் வெவ்வேறாகவும் தெரியலாம். சாயத்தின் உட்பொருள் வேறாக இருந்தால் இப்படித்தான் நடக்கும். அதனால் நிறமாலைமானியால் அளந்து, பல ஒளிகளில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எட்டு நீலக் கம்பளிப் பட்டைகள் கொண்ட அளவுகோலைச் சாயமிட்ட நூலோடு சேர்த்து வெளிச்சத்தில் வைத்து, சாயம் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே கணிக்கிறார்கள். தாவரச் சாயங்களே திரும்பி வந்ததும் இந்த அறிவால்தான். ஜெர்மன் வேதியியலாளர் ஹரால்டு போமர் பழைய துருக்கிக் கம்பளங்களின் சாயங்களை ஆராய்ந்து, இஸ்தான்புல்லின் மர்மரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1981இல் தோபாக் திட்டத்தைத் தொடங்கினார். மறந்துபோன சாயக் குறிப்புகள் ஆய்வகத்திலிருந்து மேற்குத் துருக்கியின் கிராமங்களுக்குத் திரும்பிப் போயின.

புதிதாக வந்த பொருளெல்லாம் நன்மை செய்யவில்லை. மிகப் பெரிய கேடு பசையால் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் கம்பளத்தின் பின்புறம் ரப்பர் பால் பூசித் துணி ஒட்டுவது எளிய வைத்தியமாகப் பரவியது. பூசிய புதிதில் கம்பளம் உறுதியாக நிற்கும். ஆண்டுகள் போகப்போக ரப்பர் காய்ந்து, வெடித்து, மஞ்சள் பொடியாக உதிரும். உதிராத பகுதி பாவையும் ஊடையையும் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு அங்கே ஊசி இறங்காது. அருங்காட்சியகங்களும் இதற்கு விலக்கல்ல. 1950களிலும் 60களிலும் துணிகளைச் செயற்கைப் பிசின்களால் ஒட்டிக் காக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. அவற்றில் சில மூப்படையும்போது அமிலத்தை வெளிவிட்டன, நிறம் மாறின, கரைக்க முடியாமல் இறுகின. அந்தப் பிசின்களை அகற்றுவதற்கே பின்வந்தவர்கள் உழைக்க வேண்டியதாயிற்று. பழுதுபார்ப்பே பழுதாகிவிட்ட இந்த அனுபவத்திலிருந்துதான், திருப்பி எடுக்க முடியாத எதையும் செய்யாதே என்ற நெறி உறுதிப்பட்டது.

இந்த நெறியைத் தொழிற்கல்வியாக்கியவர்களில் கரேன் ஃபிஞ்ச் முக்கியமானவர். அவர் 1975இல் லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் ஜவுளிப் பாதுகாப்பு மையத்தை நிறுவினார். பின்னாளில் அது வின்செஸ்டருக்கு இடம்பெயர்ந்து 2009இல் மூடப்பட்டது; அடுத்த ஆண்டே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அதன் மரபு தொடர்ந்தது. இவ்வழியில் பயின்றவர்கள் ஓட்டையை நெசவால் நிரப்புவதில்லை. சுற்றுப்புற நிறத்துக்கு ஏற்பச் சாயமிட்ட துணியைப் பின்னால் வைத்து, மெல்லிய நூலைக் கிடையாக ஓட்டி, அதைச் சிறு குறுக்குத் தையல்களால் பிடித்து, நைந்த இழைகளை அந்தத் துணியோடு இணைக்கிறார்கள். ஆறடி தூரத்திலிருந்து பார்த்தால் கம்பளம் முழுமையாகத் தெரியும். குனிந்து பார்த்தால் எது பழையது, எது புதியது என்று விளங்கும். வேண்டுமானால் ஒரு கத்தரியால் முழு வேலையையும் அவிழ்த்துவிடலாம்.

இதற்கான கருவிகள் பிற துறைகளிலிருந்து வந்தவை. அறுவைச் சிகிச்சையில் தையலிடும் வளைந்த ஊசி, கம்பளத்தைத் திருப்பாமலே மேலிருந்து தைக்க உதவுகிறது. சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 1950களில் காப்புரிமை பெற்ற வெல்க்ரோ, தொங்கவிடும் கம்பளத்தின் மேல்விளிம்பு முழுவதும் எடையைச் சமமாகப் பகிர்கிறது. ஆணியில் தொங்கிக் கிழிந்த காலம் போயிற்று. உறிஞ்சுவிசையைக் குறைத்துக்கொள்ளும் தூசி உறிஞ்சிகள், வலைத்துணியின் ஊடே தூசியை மட்டும் எடுக்கின்றன. பெல்ஜியத்தின் மெகெலன் நகரில் உள்ள டி விட் பட்டறையில், துணியை உறிஞ்சு மேசைமேல் விரித்து, நீர்த்துளிப் புகையை மேலிருந்து தூவிக் கீழிருந்து உறிஞ்சுகிறார்கள். நீர் இழைக்குள் தேங்குவதே இல்லை என்பதால் சாயம் பக்கத்து நிறத்துக்குள் ஓட நேரம் கிடைப்பதில்லை. காணாமல்போன வடிவத்தை எண்ணிமமாக வரைந்து துணியில் அச்சிட்டுப் பின்னால் வைப்பதும் இப்போது சாத்தியம்.

பூச்சி ஒழிப்பில் நடந்த மாற்றத்தைத்தான் நான் ஐயமின்றி முன்னேற்றம் என்பேன். கம்பளியை அரிப்பவை துணி அந்துப்பூச்சியின் புழுக்களும் கம்பள வண்டின் புழுக்களும். கம்பளியின் புரதத்தைச் செரிக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. வேப்பிலை, வசம்பு, கற்பூரம் என்று தொடங்கிய காப்பு, பிறகு ஆர்செனிக், டிடிடி, மெதில் புரோமைடு வாயு, நாப்தலீன் உருண்டை என்று போனது. இவற்றில் சில ஆளையும் கெடுத்தன, காற்றையும் கெடுத்தன. பழைய அருங்காட்சியகப் பொருள்களைத் தொடுமுன் ஆர்செனிக் இருக்கிறதா என்று இன்றும் சோதிக்க வேண்டியிருக்கிறது. இப்போதைய முறையில் நஞ்சே இல்லை. கம்பளத்தைச் சுருட்டி, நெகிழித்தாளில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் வைக்கிறார்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் மடிகின்றன. குளிர்விக்க முடியாதவற்றை நைட்ரஜன் நிரப்பிய உறைக்குள் வாரக்கணக்கில் வைத்து ஆக்சிஜன் இல்லாமல் செய்கிறார்கள்.

தரை முழுக்க விரிக்கும் ஆலைக் கம்பளங்களின் உலகம் வேறு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் நகரை மையமாகக் கொண்டு, இரண்டாம் உலகப் போருக்குப்பின் தும்புகுத்தும் எந்திரங்கள் பெருகின. அங்கே முடிச்சே கிடையாது. துணியில் ஊசி குத்திய வளையங்களைப் பின்னால் பசை பிடித்திருக்கிறது. மெழுகிட்ட நூலால் கையில் தைத்த இணைப்புகளுக்குப் பதிலாகச் சூடேற்றி ஒட்டும் நாடா வந்தது. சதுரத் துண்டுகளாக விரிக்கும் வகையில் கறைபட்ட ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இவ்வுலகில் என்னைப் பாதித்தது ஒரு புள்ளிவிவரம். கம்பளத்தை இழுத்துப் பொருத்த, முழங்காலால் உதைத்துத் தள்ளும் ஒரு கருவி உண்டு. அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் 1990இல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, கம்பளம் பொருத்துவோர் அந்நாட்டு உழைப்பாளர்களில் 0.06 விழுக்காட்டுக்கும் குறைவு. முழங்கால் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ அவர்கள் பங்கு 6.2 விழுக்காடு. நெம்புகோலால் இழுக்கும் கருவி அப்போதே இருந்தது. கம்பளத்துக்கு நல்லதான கருவியை மட்டும் மேம்பட்ட கருவி என்று சொல்லிவிட முடியாது. அதைப் பிடிக்கும் உடம்பையும் அது காக்க வேண்டும்.

இந்த எண்ணம்தான் நம் நாட்டு ரஃபூகர்களிடம் என்னைக் கொண்டுவருகிறது. காஷ்மீரிலும் உத்தரப் பிரதேசத்தின் நஜீபாபாத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கிழிசல் தெரியாமல் இழையோட்டும் குடும்பங்கள் உண்டு. பதோஹி, மிர்சாபூர் வட்டாரத்துக் கம்பளங்கள் ஏற்றுமதிக்குப் போகுமுன் குறைகளைத் திருத்துவதும் இத்தகைய கைகளே. காலடி படும் கம்பளத்துக்கு அருங்காட்சியகத் தையல் போதாது. அதற்குப் பாவு விட்டு முடிச்சிடும் மறுநெசவுதான் உறுதி தரும். முடிச்சு இட்டதை முடிச்சாகவே அவிழ்க்கலாம் என்பதால் இவர்கள் வேலையும் திருப்பி எடுக்கத்தக்கதே. அதாவது பசைக்காலத்துக்கு முந்தைய கைவினையும், பசைக்காலத்துக்குப் பிந்தைய அறிவியலும் ஒரே நெறியில் சந்திக்கின்றன. ஆனால் ஆய்வகத்தின் நிறமாலைமானியும் நல்ல விளக்கும் உருப்பெருக்கியும் பெரும்பாலும் அந்த வீடுகளை எட்டவில்லை. பொருளுக்கு வந்த முன்னேற்றம் ஆளுக்கு வரவில்லை.

லண்டன் அருங்காட்சியகத்தில் அர்தபில் கம்பளம் பல ஆண்டுகள் சுவரில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. 2006இல் புதிய ஜமீல் கூடம் திறந்தபோது தரையில் படுக்கவைத்து, மேலே கண்ணாடிக் கூடம் அமைத்தார்கள். சாயம் வெளுக்காதிருக்க, அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே முழு வெளிச்சம். இன்னொரு கம்பளத்தின் துண்டுகள் இன்னமும் அதில்தான் இருக்கின்றன. எடுத்தால் கம்பளம் குலைந்துவிடும்.

உங்கள் வீட்டில் பழைய முடிச்சுக் கம்பளம் ஒன்று இருந்தால், கிழிசலில் பசையும் ஒட்டுநாடாவும் படவிடாதீர்கள். எடுத்து வைப்பதானால் மடிக்காமல், தும்பு வெளிப்புறம் இருக்கச் சுருட்டி, துவைத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது பிரித்துப் பாருங்கள்; விரித்தே வைத்திருந்தால், கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் கிடந்த பகுதியைப் புரட்டிப் பாருங்கள். அந்துப்புழு இருட்டைத்தான் விரும்பும். உதிர்ந்த நூல் ஓர் இழையானாலும் எறியாமல் ஓர் உறையில் போட்டு வையுங்கள், நிறம் பொருத்த உதவும். பிறகு முடிச்சு தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்துக் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.